குமரி மாவட்டக் கல்லூரியில் இருந்துகொண்டு நல்ல ஆராய்ச்சி செய்ய முடியுமா?

பெங்களூரில் பிஎச்.டி. முடித்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நம்மைப் போன்ற நாட்டில் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஏன் எழும்பவே மாட்டேன் என்கிறது? பணம் இல்லாததுதான் காரணமா? இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா, இல்லை வெளியே போய்விடுவதுதான் புத்தியா?"

முப்பது வருடத்துக்கு மேல் இதே மாவட்டத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வி என் மனசிலும் நெடுநாள் கிடந்ததுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். செய்யலாம். பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் இருக்கிற பணத்தையும் மூளையையும் நாம் துண்டு துண்டாக நறுக்கி வீணாக்குகிறோம், அது பணக்குறைவைவிடப் பெரிய நஷ்டம். இந்த மண்ணிலும் தண்ணீரிலும் மட்டுமே பதில் கிடைக்கிற கேள்வி ஒன்றை எடுத்து, நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து பத்து வருடம் விடாமல் கேட்டால், நம்மால் உலகத்துக்கே புதிதாக ஒன்றைச் சொல்ல முடியும்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. என்னை அதைவிட உறுத்துவது அந்த 0.64க்கு உள்ளே இருக்கும் பங்கீடு. மொத்தச் செலவில் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 9 சதவீதத்துக்கும் கீழே. பணம் தனி ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது, இருபது வயதுப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் எடுத்த முடிவின் விளைவு அது. ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனங்களைக் கட்டினோம், பல்கலைக்கழகங்களைப் பாடம் நடத்தவும் பரீட்சை வைக்கவும் விட்டுவிட்டோம். அணு ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களோடு சேர்ந்தே வளர வேண்டும் என்று இயற்பியலாளர் மேகநாத் சாகா அப்போதே வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

2023இல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வலுவான நிறுவனம் ஒன்றோடு, வளர்ந்துவரும் பல்கலைக்கழகங்கள் சிலவற்றை இணைத்துப் பணம் தரும் திட்டமும் அதில் உண்டு. நல்ல யோசனை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் கீழே, அதோடு இணைந்த கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது எப்போது வந்து சேரும் என்று காத்திருந்தால் உங்கள் தலை நரைத்துவிடும்.

சரி, பணம் வந்தால் என்ன ஆகும்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில், அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இது என்ன சேர்மம் என்று அடையாளம் காணும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி வாங்கினார்கள். பெரிய தொகை. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்தார்கள். அந்தக் கருவியின் உள்ளே பொட்டாசியம் புரோமைடில் செய்த பாகங்கள் உண்டு. உப்புப் போல அது ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் ஜூன் மாதம் தொடங்கினால் துணி காயாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டேஷனில் கருவி இருந்தது, அந்த அறையின் ஈரத்தை எடுக்கும் கருவி இல்லை. ஏசி இருந்தது, ஆனால் சாயங்காலம் நாலரைக்கு வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். இரண்டாவது மழைக்காலத்தில் ரீடிங் மங்கத் தொடங்கியது. சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும், வந்து பார்த்துவிட்டுப் போகவே ஒரு தொகை. ஏ.எம்.சி. என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடப் பணம் ஒதுக்கவில்லை. அதற்கப்புறம் அது நீலத்துணி போர்த்தியபடி ஒன்பது வருடம் கிடந்தது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வந்தபோது மட்டும் துணியை எடுத்தார்கள்.

இந்தக் கதையை எந்த மாவட்டத்துப் பேராசிரியரிடம் சொன்னாலும் "எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது" என்பார். அதனால் புதுக் கருவிக்குப் பணம் கேட்பதற்கு முன் பழுது பார்க்கும் ஆளுக்குப் பணம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாகர்கோவிலைச் சுற்றி ஐந்தாறு கல்லூரிகள் சேர்ந்து ஒரே ஒரு நல்ல டெக்னீஷியனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். கோணம் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படித்த பையன்களில் எலக்ட்ரானிக்ஸில் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவரை மூன்று மாதம் கருவி செய்கிற கம்பெனிக்கே அனுப்பிப் பழக்கினால், விளக்கு மாற்றுவது, ஆப்டிக்ஸ் துடைப்பது, அளவு சரிபார்ப்பது எல்லாம் இங்கேயே நடக்கும். ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளருக்குச் சமமான மரியாதை அந்த ஆளுக்குக் கிடைக்க வேண்டும். நம் ஊரில் அவரை லேப் அட்டெண்டர் என்று கூப்பிட்டுக் காபி வாங்கி வரச் சொல்கிறோம்.

பணம் வரும் காலமும் ஒரு தொல்லை. ஏப்ரலில் வர வேண்டியது பிப்ரவரியில் வரும். மார்ச் 31க்குள் செலவழித்து யூ.சி. என்ற செலவுச் சான்று கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் யாரும் யோசித்து வாங்க மாட்டார்கள். கண்ணில் பட்டதை வாங்குவார்கள். போன வருடத்து மீதியை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக அனுமதித்தாலே பாதி வீண்செலவு நின்றுவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எதை ஆராய்வது?

உங்கள் துறை ரெஜிஸ்டரைத் திறந்து கடந்த பத்து வருடத்து எம்.எஸ்சி. புராஜெக்ட் தலைப்புகளைப் பாருங்கள். ஏதோ ஒரு இலைச்சாற்றில் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள் செய்து, எக்ஸ்.ஆர்.டி., எஸ்.இ.எம். சோதனைகளுக்கு வெளியே அனுப்பி, பாக்டீரியா வளரும் தட்டில் வைத்து, பாக்டீரியா வளராத வட்டத்தை அளந்து, ஒரு பேப்பர். இலை மட்டும் மாறும். இந்தியா முழுக்க இதே வேலை நடக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். குறித்த காலத்துக்குள் முடிய வேண்டும், கைச்செலவில் முடிய வேண்டும், ஏதாவது ஒரு முடிவு நிச்சயம் வர வேண்டும் என்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? என் மாணவிகளும் இதைச் செய்திருக்கிறார்கள், நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அதே வேலையைப் பெரிய கருவியுள்ள எவரும் நம்மைவிட நன்றாகச் செய்துவிடுவார். அந்தப் பந்தயத்தில் நாம் ஓடவே கூடாது.

அவர்களால் செய்ய முடியாததும் நம்மால் முடிவதும் எது? இங்கே இருப்பதுதான். 1850களில் திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தில் ஜான் ஆலன் புரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, இந்தப் பகுதியை ஒட்டிப் போகிறது என்பதால் காந்த ஊசியின் அசைவை இங்கே அளந்தால் உலகத்துக்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் மட்டும் அளந்து அவர் திருப்திப்படவில்லை. அகஸ்தியமலை உச்சியிலும் ஒரு கூடம் கட்டினார். காற்றும் மழையும் அடிக்கிற அந்த உச்சியில் ஆள் வைத்து ரீடிங் எடுத்தார். 1852 முதல் 1869 வரையான அளவுகள் 1874இல் புத்தகமாக வந்தன. அன்றைக்கு நம் குமரி மண்ணும் அந்தச் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தது. ஒரு சிறிய சமஸ்தானத்துக் கஜானா, இந்த இடத்துக்கே உரிய ஒரு கேள்வி, பதினேழு வருடப் பொறுமை, இவ்வளவுதான் அதற்குப் பிடித்தது. அடுத்த நூற்றாண்டில், 1963இல், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்தியா முதல் ராக்கெட்டை விட்டதற்கும் இதே காந்த நடுக்கோடுதான் காரணம்.

நம் மணவாளக்குறிச்சியையும் பாருங்கள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், கதிர் வீசும் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. நம் கடற்கரை மணலின் மதிப்பை நமக்கு முன்னால் கயிறு வாங்கின ஊர்க்காரன் தெரிந்துகொண்டான். போகட்டும், நூறு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு அந்த மணலை ஒட்டி வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு. "இந்தக் கதிரால் எங்களுக்குப் புற்றுநோய் வருமா?" கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே கேள்வியைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கையில் எடுத்தது. 1990 முதல் நோய்ப் பதிவேடு வைத்து, சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். உலகத்தில் கதிரியக்கப் பாதுகாப்பு பற்றிப் பேசும் எவரும் அந்த ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த மனிதர்களும், பத்தொன்பது வருடம் விடாத பிடிவாதமும் சேர்ந்துதான் அதை உண்டாக்கின.

கிள்ளியூர் பக்கம் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது நான் யோசித்தது இதைத்தான். ஒரு பக்கம் பயம், மறுபக்கம் "ஒன்றுமில்லை" என்ற உத்தரவாதம். நடுவில் நின்று, "இந்த ஊரில் இத்தனை வருடமாக மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் மீனிலும் நாங்கள் அளந்த எண்கள் இவை" என்று இரு தரப்புக்கும் நீட்டக்கூடிய உள்ளூர்க் கல்லூரிக் குழு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குளங்களுக்கு வருகிறேன், என் மனசு அதிகம் கிடந்து அடித்துக்கொள்வது இங்கேதான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. அதை நம்பித்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நடந்தது. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தன. இந்தக் குளங்களைப் பற்றி எத்தனை எம்.ஃபில்., எத்தனை பிஎச்.டி. வந்திருக்கின்றன! ஒவ்வொன்றும் பன்னிரண்டு மாத ரீடிங். பி.ஹெச்., கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட். பட்டம் வாங்கியதும் பாட்டில்களைக் கழுவி அலமாரியில் வைத்துவிடுவார்கள். நாலு வருடம் கழித்து இன்னொரு கல்லூரியில் இன்னொரு பிள்ளை, இன்னொரு குளத்தில், இன்னொரு முறையில் தொடங்கும். எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால் முப்பது வருட வரலாறு கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? கிடைக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆய்வேடுகளை எடுத்து வைத்து ஒரு குளத்துக்கு மட்டும் இந்த ஒட்டு வேலையைச் செய்து பார்த்தேன். கரைந்த ஆக்சிஜன் ஒரு ஆய்வேட்டில் நாலு, இன்னொன்றில் ஒன்பது. குளம் கெட்டுவிட்டதா, தேறிவிட்டதா? இரண்டுமாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் விடியற்காலையில் தண்ணீர் எடுத்திருப்பார், இன்னொருவர் மத்தியான பஸ்ஸுக்குப் போய் எடுத்திருப்பார். பாசியும் செடியும் வெயிலில் ஆக்சிஜனை விடும், இரவு முழுக்க எல்லா உயிரும் அதைச் சுவாசித்துத் தீர்க்கும். ஒரே குளத்தில் ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் அவ்வளவு வித்தியாசம் வரும். நேரத்தை எழுதி வைத்திருந்தால் இரண்டையும் பயன்படுத்தியிருக்கலாம். பெரும்பாலான ஆய்வேடுகளில் தேதிகூட இல்லை, மாதம் மட்டும்தான். முப்பது பேருடைய உழைப்பு, ஒரு வரி எழுதாததால் மண்ணாகப் போயிற்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து மரங்களைச் சாய்த்து மலை மண்ணைக் குளத்தில் கொண்டு கொட்டியபோது, புயலுக்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சொல்ல என்னிடம் நம்பகமான எண் இல்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இதற்குக் கோடிகள் வேண்டாம். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கு வேண்டிய மாங்கனீஸ் சல்பேட்டும் அயோடைடும் தயோசல்பேட்டும் எந்தக் கல்லூரி ஸ்டோரிலும் இருக்கும். எல்லாக் கல்லூரியும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் எடுப்பது என்று ஒப்புக்கொண்டால் போதும். வருடத்துக்கு இரண்டு தடவை ஒரே தண்ணீரை நாலு பாட்டிலில் பிரித்து நாலு கல்லூரிக்கும் கொடுத்து, யார் எண் விலகுகிறது என்று பார்க்க வேண்டும். விலகினால் கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து காரணம் தேட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் அறிவியல், மூன்று பேப்பர் போட்டாலும் வராது.

சிறிய ஆய்வகங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சாவோ பாவ்லோ மாநிலத்தில் ஃபபெஸ்ப் என்ற ஆராய்ச்சி அறக்கட்டளை 1962இல் வேலையைத் தொடங்கியது. மாநில வரி வருமானத்தில் இத்தனை சதவீதம் அதற்குப் போக வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1989 முதல் அது 1 சதவீதம். எந்த ஆட்சி வந்தாலும் தொட முடியாது. அந்த ஊரின் பெரிய பிழைப்பு ஆரஞ்சுத் தோட்டம். சைலெல்லா என்ற பாக்டீரியா மரங்களை வாட்டியது. அதன் மரபணு முழுவதையும் படிப்பது என்று 1997இல் முடிவெடுத்தார்கள். ஒரே இடத்தில் பெரிய மையம் கட்டாமல், மாநிலத்தில் சிதறிக் கிடந்த முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு அந்த வேலையே புதிது. செய்தபடியே கற்றார்கள். 2000இல் நேச்சர் இதழில் வந்தது. பயிரைத் தாக்கும் பாக்டீரியா ஒன்றின் மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதை முந்தவில்லை. அந்த நோய் அவர்களைவிட இவர்களுக்கு அவசரம், அதனால் முந்தினார்கள்.

நம்மிடம் ஆரஞ்சு இல்லாவிட்டால் என்ன, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழை இருக்கிறது. மரச்சீனி இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, மலையில் கிராம்பு இருக்கிறது. திருப்பதிசாரத்திலும் பேச்சிப்பாறையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நம் தாவரவியல், வேதியியல் துறைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த கேட்டுக்குள் கால் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அக்கம்பக்கம் என்று பேசினால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும் மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர். திருநெல்வேலி நூறுக்கு மேல். பாப்பனம்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம், ஆக்குளத்தில் புவி அறிவியல் மையம், ஸ்ரீகார்யத்தில் மரச்சீனி போன்ற கிழங்குகளுக்கென்றே மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், பாலோட்டில் தாவரவியல் தோட்டம், விதுராவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். குழித்துறை ஸ்டேஷனில் காலை ரயிலேறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நம் ஆட்கள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கவும் வைத்தியத்துக்கும் திருவனந்தபுரம் போகிறார்கள், ஆராய்ச்சிக்கு மட்டும் எல்லையிலுள்ள களியக்காவிளை ஏதோ பெரிய மதிலாகத் தெரிகிறது. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை மாறியது, ஃபைல்கள் வேறு திசையில் போகத் தொடங்கின, அவ்வளவுதான். மின்னஞ்சல் எழுதி, நேரில் போய், "என்னிடம் இந்தச் சாம்பிள் இருக்கிறது, உங்களிடம் அந்தக் கருவி இருக்கிறது" என்று கேளுங்கள். கையில் நல்ல சாம்பிளும் ஒழுங்கான ரெஜிஸ்டரும் உள்ளவரை யாரும் எளிதில் திருப்பி அனுப்புவதில்லை. கொச்சியிலுள்ள கருவி மையத்துக்கு நம் ஸ்காலர்கள் ஏற்கனவே சாம்பிள் அனுப்புகிறார்கள். மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாட்டில் எங்கே எந்தக் கருவி கிடைக்கும் என்று பார்த்துப் பதிவு செய்யலாம். கடல் சம்பந்தப்பட்டது என்றால் ராஜாக்கமங்கலத்தில் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையமே இருக்கிறது.

பேப்பர் எண்ணிக்கை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி. ஒப்படைக்கும் முன் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. ஆனால் நாக் மதிப்பீட்டிலும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் பேப்பரை எண்ணுவது தொடர்கிறது, அதனால் மேனேஜ்மென்ட்டின் கண் எண்ணிக்கையிலேயே இருக்கும். காசு வாங்கிக்கொண்டு இரண்டே வாரத்தில் அச்சிடும் இதழ்களிலிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். போகாதீர்கள். ஒரு தடவை போனால் அப்புறம் உங்கள் பெயரைப் பார்த்ததும் நல்லவர்கள் தள்ளி நிற்பார்கள். படிப்பதற்கு இதழ்கள் வேண்டும் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்குக் கைகொடுக்கிறது. உங்களுடையது போன்ற தனியார் நிர்வாகக் கல்லூரிகளுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும், மாணவர்களில் பெரும்பங்கு அங்கேதான் படிக்கிறார்கள். அதுவரை கட்டுரையை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

நேரம்தான் எல்லாவற்றிலும் அரிது. வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு என்று விதி சொல்கிறது. அதன் மேல் அட்மிஷன், இன்டர்னல் மார்க், நாக் ஃபைல், தேர்வுப் பணி, தேர்தல் பணி. பிரின்சிபாலிடம் நீங்கள் கேட்க வேண்டியது பணம் இல்லை, வாரத்தில் ஒரு முழு நாள். டைம்டேபிளைக் கொஞ்சம் நெருக்கினால் அது முடியும், எங்கள் துறையில் இரண்டு வருடம் செய்து காட்டினோம். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் சி.வி. ராமனோடு வேலை செய்தவர், சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களைக் கூட்டி இயற்பியல் பேசுவாராம். வேறு கல்லூரிப் பிள்ளைகளும் அதற்கென்றே வந்து உட்காருவார்களாம்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. ஆய்வகத்தில் போய்ப் பாருங்கள், ஸ்காலர்களில் பெரும்பாலும் பெண்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். கிடைக்காதவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வராது, நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவளை எனக்குத் தெரியும். ஆய்வகத்தை ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்கள். வேதிவினை முடிய ஏழு மணி ஆகும் என்றால் அவள் அந்த ஆய்வையே தேர்ந்தெடுக்க மாட்டாள். ஏழு மணிக்கு மேல் அவள் ஊருக்குப் பஸ் இல்லை. கல்யாணம், பிரசவம் என்று நடுவில் நிற்கும். நின்றவளைத் திரும்பக் கூட்டிவர வைஸ்-கிரண் என்று மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, அதை அவளிடம் போய்ச் சொல்லும் ஆள் இல்லை. உங்கள் கல்லூரியில் அந்த ஆளாக நீங்கள் இருங்கள். ஆய்வகத்தை எட்டு மணி வரை திறந்து வைத்து, ஒரு வேன் ஏற்பாடு செய்தால், லட்ச ரூபாய்க் கருவி வாங்குவதைவிட அதிக ஆராய்ச்சி நடக்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வெளியே போய்விடலாமா என்று கேட்டீர்கள். சரக்கல்விளையிலிருந்து போன சிவனும், மேலக்காட்டுவிளையிலிருந்து போன நாராயணனும் இஸ்ரோவின் தலைமைக்கு உயர்ந்தார்கள். கிராமத்துப் பள்ளியில் படித்து அந்த உயரத்துக்குப் போனவர்கள். எனக்கு அவர்களை நினைத்தால் நெஞ்சு நிறையும். ராக்கெட் செய்ய வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். உங்கள் கேள்வி அந்த மாதிரியானது என்றால் போங்கள், யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் கேள்வி மண்ணிலோ தண்ணீரிலோ இருந்தால், அதற்குச் சரியான ஆய்வகம் நீங்கள் நிற்கிற இடம்தான்.

இந்த வருடமே தொடங்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு குளம், ஒரு கிணறு, தாமிரபரணி ஆற்றில் ஒரு இடம் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர்க் குழித்துறை ஆற்றைத்தான் சொல்கிறேன், நெல்லைக்காரர்களுடையதை இல்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் எல்லா வாரமும் போக முடியாது, பி.எஸ்சி. பிள்ளைகளில் ஆறு பேரை முறை வைத்துப் பழக்குங்கள். தேதி, நேரம், மழை பெய்ததா, தண்ணீர் எடுத்தவர் பெயர், நாலும் முதலில் எழுத வேண்டும், அளவு அப்புறம். மாணவர் புராஜெக்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறு தொகை தருகிறது, அது கெமிக்கலுக்கும் பஸ் செலவுக்கும் போதும். மூன்றாம் வருடத்தில் பாப்பனம்கோட்டுக்கோ ஆக்குளத்துக்கோ அந்த ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

நான் கடைசி ஏழு வருடம் மாணவிகளை வைத்து எடுத்த குளத்து ரீடிங் நாலு ரெஜிஸ்டரில் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஒக்கிக்கு மறுவருடம் தொடங்கியது. தேதியும் நேரமும் ஒவ்வொரு வரியிலும் உண்டு. நடுவில் கொரோனாவில் ஐந்து மாதம் இடைவெளி, அதையும் எழுதியிருக்கிறேன். ஒரு ரெஜிஸ்டரின் ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றுவிட்டது, எண்கள் படிக்கக் கிடைக்கும். தென்மேற்கு மழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. அந்தக் குளத்தில் கடைக்கரை மடைப் பக்கம் எந்தப் படியில் நின்று பாட்டிலை முக்குவோம் என்பதை நேரில்தான் காட்ட வேண்டும்.